பில் கேட்காத கழிவு: மாற்றுத்திறனாளிக்குப் பழைய வரி முறையா, புதிய வரி முறையா?

பிப்ரவரி மாதம் வந்தால் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு இளைஞர் ஒரு காகிதக் கட்டோடு மேசை மேசையாக வருவார். சில ஆண்டுகளுக்கு முன்பு என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "80யு என்று 75,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள், ஆனால் செலவு பில் எதுவும் வைக்கவில்லையே, சார்?" என்று கேட்டார். 80யு என்பது மாற்றுத்திறனாளி தன் வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்ட வழி செய்யும் கழிவு, அதற்குப் பில் தேவையில்லை, மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால் போதும் என்று விளக்கினேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "நீங்கள் சொன்னது சரிதான், சார். ஆனால் நீங்கள் புதிய வரி முறையில் அல்லவா இருக்கிறீர்கள்? அப்படியானால் சான்றிதழும் வேண்டாம்."

முதலில் அவர் கேட்டது தவறு. இரண்டாவது சொன்னது சரி. பழைய முறையில் கழிவுகள் உண்டு; புதிய முறையில் வரி விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் கிடையாது.

இரண்டு வயதில் வந்த போலியோவால் என் இடது காலில் காலிபர், அதாவது காலைத் தாங்கும் கருவி. சான்றிதழில் 50 சதவீதம். காலிபரின் தோல் பட்டை வியர்வையில் ஊறி விறைத்துப் போகும், மாற்ற வேண்டும். இடது ஷூவின் அடிப்பாகத்தை உயர்த்தித் தைக்க வேண்டும். வலது ஷூ குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்து, இரண்டாவது ஜோடி வாங்கும் நாளைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும். பஸ் படிக்கட்டு உயரம் என்பதால் ஆட்டோ. மாடிப்படி ஏற முடியாது என்பதால் தரைத்தளத்திலோ லிப்ட் உள்ள கட்டடத்திலோதான் வீடு. இவற்றில் எதற்கும் வரிசையாக ரசீது வைத்துக்கொள்ள முடியாது. இதை உணர்ந்துதான் வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவு பில் கேட்கவில்லை. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 75,000 ரூபாய், 80 சதவீதத்தை எட்டிவிட்டால் 1,25,000 ரூபாய். செலவு எவ்வளவு என்பது பேச்சே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கழித்துக்கொள்ளலாம்.

எனக்கு உள்ள வருத்தம் இதில்தான். எல்ஐசி பிரீமியம், பி.எப்., வரி சேமிப்பு வைப்பு என்று 80சியில் வருபவையெல்லாம் மக்களைச் சேமிக்கத் தூண்டுவதற்கான சலுகைகள். சலுகை வேண்டாம், விகிதத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அரசு முடிவெடுத்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் 80யு தூண்டுகோல் அல்ல. கைக்கு வருவதற்கு முன்பே கரைந்துபோகும் பணத்தை வருமானம் என்று எண்ணாமல் விடும் கணக்கு அது. புதிய முறையை வகுத்தவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வெளியே வைத்துவிட்டார்கள். 80யு, குடும்பத்தினருக்கான 80டிடி, நோய்ச் சிகிச்சைக்கான 80டிடிபி மூன்றும் புதிய முறையில் கிடையாது.

ஆகவே மாற்றுத்திறனாளியோ அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பமோ முதலில் ஒப்பிட வேண்டியது எந்தப் பிரிவு என்பதை அல்ல, எந்த முறை என்பதை. கீழே வரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிடுகின்றன. ஆனாலும் ஜூலை 31க்குள் தாக்கல் செய்யும் 2025-26 கணக்கில் பழைய எண்கள்தான்.

சம்பளம் ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். புதிய முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள 75,000 ரூபாய் நிலையான கழிவு போக மீதி 12 லட்சம், அதற்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யம். பூஜ்யத்தைவிடக் குறைவாக எந்தக் கழிவாலும் வரியைக் கொண்டுபோக முடியாது. (பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. அது இருந்தால் கணக்கு வேறு.) என் அக்கா ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 11 லட்சம். அவர் மகனுக்குப் பெருமூளை வாதம், 80 சதவீதத்துக்கு மேல். போன ஆண்டு வரை, "பையனுக்கான 1,25,000 கழிவை விட்டுவிடக் கூடாது" என்று பழைய முறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். 2025-26க்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, 80டிடி 1,25,000 எல்லாம் கழித்த பின்பும் பழைய முறையில் 65,000 ரூபாய் வரி. புதிய முறையில் ஒன்றுமில்லை. அக்கா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழிவை விடுவது மகனையே விட்டுக்கொடுப்பது போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வரிக் கணக்கில் அந்த உணர்ச்சிக்கு இடமில்லை.

அதற்கு மேல் போனால்தான் ஒப்பீடு சூடு பிடிக்கிறது. என் சம்பளத்தையே எடுத்துக்கொள்கிறேன், முழு எண்ணாக 14,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதில் மாதம் 3,200 வீதம் 38,400 ரூபாய் மாற்றுத்திறனாளிக்கான போக்குவரத்துப் படி. இது இரண்டு முறையிலும் வரி விலக்கு பெற்றது, இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். புதிய முறையில் நிலையான கழிவும் இந்தப் படியும் போக 13,26,600 ரூபாய்க்கு வரி, அதன் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து ஏறக்குறைய 82,150. பழைய முறையில் இந்தப் படி, நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, 80யு 75,000 எல்லாம் கழித்தும் 11,01,600 மிஞ்சுகிறது. வரி 1,48,699. கிட்டத்தட்ட 66,500 ரூபாய் அதிகம். 80யு என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய முறையில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் கதி.

பழைய முறை ஜெயிக்க இன்னும் 2,69,000 ரூபாய்க்குச் சற்று அதிகமான கழிவு தேவை. சொந்த வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதலாக 50,000 என்று கூட்டினாலும் 19,000 குறைகிறது. வீட்டு வாடகைப் படி இருந்தால்? அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, சென்னையில் வாடகை 25,000, அலுவலகம் தரும் வாடகைப் படி போதுமான அளவு என்றால், வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதம் போக மாதம் 19,000 ரூபாய்க்கு விலக்கு. ஆண்டுக்கு 2,28,000. ஓய்வூதியத் திட்டத்தின் 50,000 சேர்த்தால் 2,78,000. இப்போது பழைய முறை முந்துகிறது, 1,841 ரூபாயில்!

சிரிப்பாக இருந்தாலும் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்த நிலையில் 80யுவை எடுத்துவிட்டால் பழைய முறையில் வரி 15,600 ரூபாய் கூடி, தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். அதாவது 80யு தானாகப் பழைய முறையை லாபமாக்குவதில்லை. வாடகை, வீட்டுக் கடன் போன்ற பெரிய கழிவுகள் ஏற்கனவே உள்ளவருக்குக் கடைசிப் படிக்கல்லாக உதவுகிறது. தரைத்தள வீடு தேடி அதிக வாடகை கொடுக்கும் மாற்றுத்திறனாளி அந்தக் கூட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே 13 லட்சத்துக்கு மேல் சம்பளமும் சென்னை வாடகையும் உள்ளவர் யார் சொல்வதையும் கேட்காமல் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டே தீர வேண்டும். சம்பளம் 24,75,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு எல்லைக்கோடு நிலையாக நின்றுவிடுகிறது: நிலையான கழிவு நீங்கலாக மற்ற கழிவுகள் 8 லட்சத்தைத் தாண்டினால் பழையது, இல்லையென்றால் புதியது.

புதிய முறையில் தங்குபவர்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் போக்குவரத்துப் படி. பார்வையற்றோர், காது கேளாத வாய் பேசாதோர், கால் ஊனமுற்றோர் ஆகிய ஊழியர்களுக்கு வீட்டிலிருந்து அலுவலகம் போய்வர 2025-26இல் மாதம் 3,200 ரூபாய் வரை விலக்கு. கையில் ஊனம் உள்ளவருக்கு இது கிடையாது. பஸ் கம்பியைப் பிடிக்க முடியாதவருக்கு ஏன் இல்லை என்று கேட்டால் விதியில் பதில் இல்லை. 2015இல் 1,600 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட தொகை இது. சம்பளப் பட்டியலில் இந்தப் பெயரில் தனிப் பதிவு இருந்தால்தான் விலக்கு. நாமாகக் கணக்குத் தாக்கலில் எழுதிக்கொள்ள முடியாது. தனியார் நிறுவனங்களில் பலருக்கு இப்படி ஒரு படி உண்டு என்பதே தெரியாது. மனிதவளப் பிரிவுக்குச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் கொடுத்துச் சம்பளத்தைப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். 30 சதவீத வரம்பில் உள்ளவருக்கு ஆண்டுக்கு 11,980 ரூபாய் மிச்சம்.

இன்னொன்றும் புதிய முறையில் உண்டு. முதலாளி நம் ஓய்வூதியத் திட்டக் கணக்கில் செலுத்தும் தொகை, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு. என் அடிப்படைச் சம்பளத்துக்கு அது 1,00,800 ரூபாய், 80யு தரும் 75,000ஐவிட அதிகம். அறுபது வயதுக்குப் பிறகான பணத்துக்குக் கழிவு உண்டு, இன்று மாட்டிக்கொண்டு நடக்கும் காலிபருக்கு இல்லை. என்ன கணக்கு இது என்று கேட்டுவிட்டு, நானும் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இனி பழைய முறையில்தான் லாபம் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு. 80யு மாற்றுத்திறனாளி தன் சொந்த வருமானத்தில் கழிப்பது. 80டிடி அவரைச் சார்ந்து வைத்திருக்கும் குடும்பத்தினர் கழிப்பது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டும். மாமனார், மாமியார், அண்ணன் மகன் இதில் வரமாட்டார்கள். தொகை இரண்டிலும் ஒன்றே. 80டிடியில் மருத்துவம், பயிற்சி, மறுவாழ்வு ஏதாவது ஒன்றுக்குச் செலவு நடந்திருக்க வேண்டும், ஆனால் ஆயிரம் ரூபாய் செலவழித்தாலும் முழுத் தொகையும் கழிவு. ஒரே நபருக்காக இரண்டையும் எடுக்க முடியாது. அவர் 80யு கோரிவிட்டால் வீட்டார் 80டிடி கோரக் கூடாது.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வீட்டிலிருந்தபடி டியூஷன் எடுத்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் சம்பாதிக்கும் பார்வையற்ற தங்கை, யாரோ சொன்னார்கள் என்று கணக்குத் தாக்கல் செய்து 80யு போட்டுவிடுகிறார். அவருக்கு எப்படியும் வரி இல்லை, ஆகவே கழிவால் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. ஆனால் 30 சதவீத வரம்பில் உள்ள அண்ணன் பழைய முறையில் 80டிடி எடுத்து 39,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கலாம், தங்கை முதன்மையாக அவரைச் சார்ந்திருக்கும் பட்சத்தில். வரி கட்ட வேண்டியிராதவர் 80யுவைத் தொடாமல் இருப்பதே வீட்டுக்கு நல்லது.

இரண்டு பிரிவுமே இந்தியாவில் வசிப்பவர் என்ற தகுதி உள்ளவருக்குத்தான். திருநெல்வேலியில் தாயை வைத்துவிட்டுத் துபாயில் வேலை பார்க்கும் மகன், இங்கே வரும் வாடகை வருமானத்தில் தாய்க்காக 80டிடி கழிக்க முடியாது.

இவற்றையெல்லாம்விட எங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்ட வழி ஒன்று உண்டு. கழிவுகளின் பட்டியலில் அது வராது என்பதால் ஆடிட்டர்கள்கூட அதைத் தாமாகச் சொல்வதில்லை. சாதாரணமாக, மைனர் பிள்ளையின் பெயரில் வைப்பு போட்டால் அதன் வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேர்ந்துவிடும். 64ஆவது பிரிவு இதிலிருந்து ஒரு வகைப் பிள்ளைகளுக்கு விலக்கு தருகிறது: 80யு குறிப்பிடும் ஊனம் உள்ள மைனரின் வருமானம் பெற்றோருடன் சேராது. அக்காவின் கணவர், என் அத்தான் பெயரில் இருந்த வைப்புகளிலிருந்து ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வட்டி வந்துகொண்டிருந்தது. அவர் 30 சதவீத வரம்பில் இருப்பவர், வட்டிக்கு மட்டும் 74,880 ரூபாய் வரி. வைப்பு முதிர்ந்ததும் பையனுக்குப் பான் எண் எடுத்து, அவன் பெயரில் பாதுகாவலராக அத்தான் கையெழுத்திட்டு மாற்றினார்கள். இப்போது அந்த வட்டிக்கு வரி இல்லை. 80டிடி தரும் 39,000ஐவிட இது ஏறக்குறைய இரு மடங்கு, அதோடு பழைய முறை, புதிய முறை இரண்டிலும் செல்லும். பணம் சட்டப்படி பையனுடையது ஆகிவிடுகிறது என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். பிறகு கார் வாங்க எடுக்கக் கூடாது. வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடிக்கும், அதைப் பையன் பெயரில் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பதினெட்டு முடிந்த பிறகு பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர முடியாது. பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். அதற்கான ஓட்டத்தைப் பதினேழரை வயதிலேயே தொடங்குவது நல்லது.

80டிடியில் செலவு வழி தவிர, பிள்ளைக்காக எல்ஐசி போன்ற அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் பணம் போடும் வழியும் உண்டு. நீண்ட காலம் இதில் ஒரு கொடுமை இருந்தது. பெற்றோர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் வர வேண்டும், இல்லையென்றால் கழிவு இல்லை. பிள்ளைக்கு நாற்பது, ஐம்பது வயதாகி, ஓய்வு பெற்ற பெற்றோர் கையில் காசில்லாமல் இருக்கும்போதும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரியில் நீதிமன்றம் சட்ட வாசகத்தை மாற்ற முடியாது என்று சொல்லி, அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. 2022 நிதிச் சட்டத்தில்தான் பெற்றோர் அறுபது வயதை எட்டிப் பணம் கட்டுவதை நிறுத்திய பிறகு, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குத் தொகை வரலாம் என்று திருத்தினார்கள். ஆனால் பிள்ளை முதலில் இறந்துவிட்டால் கட்டிய தொகை பெற்றோரின் வருமானமாகி வரிக்கு வரும் என்ற விதி அடிப்படையில் அப்படியேதான் இருக்கிறது. வரிக் கழிவுக்காக மட்டும் இந்தத் திட்டத்தில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் எப்படியும் மருத்துவச் செலவு இருக்கும், அதை வைத்தே முழுக் கழிவும் கிடைக்கும்.

80டிடிபி வேறு சாதி. இதில் தட்டையான தொகை இல்லை. உண்மையில் செலவழித்த பணம், 40,000 ரூபாய் வரை, நோயாளி மூத்த குடிமகன் என்றால் ஒரு லட்சம் வரை. காப்பீட்டில் வந்த தொகையைக் கழித்துக்கொள்வார்கள். புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் போன்ற குறிப்பிட்ட நோய்கள் மட்டும். நரம்பு நோய்களுக்கு 40 சதவீத ஊனமும் இருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு 80யு கிடைக்காது, இதுதான் வழி. சிறப்பு மருத்துவரின் சீட்டு கட்டாயம்.

சான்றிதழில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, காலாவதி. போலியோ கால் எனக்கு நிரந்தரம், சான்றிதழும் நிரந்தரம். மறுமதிப்பீடு தேவை என்று தேதி போட்டிருந்தால், அது காலாவதியாகும் நிதியாண்டோடு கழிவும் முடிந்துவிடும். நண்பர் ஒருவரின் மகள் சான்றிதழ் மார்ச்சில் முடிந்தது. மருத்துவக் குழு கூடும் நாளில் ஒரு மருத்துவர் விடுப்பு, அடுத்த முறை கருவி பழுது என்று ஓராண்டு முழுவதும் கழிந்தது, கழிவும் போனது. ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குப் மருத்துவச் சான்றான படிவம் 10-ஐஏ தனியாக வேண்டும், அதையும் இணையத்தில் தாக்கல் செய்து ஒப்புகை எண்ணைக் கணக்கில் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருப்பதாலேயே கழிவு உறுதி என்று நினைப்பது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. வருமான வரிச் சட்டத்தின் வாசகமோ 1995ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தையும்தான் சுட்டுகிறது. கற்றல் குறைபாடு போன்ற, பின்னால் சேர்ந்த வகைகளில் அட்டை வைத்திருப்பவர் கழிவு கோருவதற்கு முன் ஆடிட்டரிடம் பேசிவிட வேண்டும்.

சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் புதிய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் கணக்குத் தாக்கலின்போது பழையதற்குப் போகலாம், ஆனால் கடைசித் தேதிக்குள். தாமதமானால் புதிய முறை மட்டும்தான். ஜெராக்ஸ் கடையோ வேறு தொழிலோ நடத்துபவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. படிவம் 10-ஐஇஏ கொடுத்துப் பழைய முறைக்கு வந்து, பிறகு புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் உள்ளவரை மறுபடி பழைய முறை கிடையாது.

நான் இந்த ஆண்டு புதிய முறையில்தான் இருக்கப் போகிறேன். 1,841 ரூபாய்க்காக ஓய்வூதியத் திட்டத்தில் 50,000 ரூபாயை அறுபது வயது வரை முடக்க மனமில்லை. மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து வாங்கிய போக்குவரத்துப் படி சம்பளச் சீட்டில் தனிப் பதிவாக நிற்கிறது. மாதத்தில் 22 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 145 ரூபாய். காலையில் அலுவலகம் போக ஆட்டோவுக்கு 180 கொடுக்கிறேன்.